திருச்சுழிச் சீமையில் நடையை அளந்த வழிகள்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திருச்சுழி வட்டத்தில் அமைந்த வீரசோழன், கண்மாய் நீரையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் நம்பியிருக்கும் வானம் பார்த்த பூமியின் ஊர்களுள் ஒன்றாகும். 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப் பாதை 1960களில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குச் சந்தைக்கும் கோயிலுக்கும் கச்சேரிக்கும் போக்குவரத்து என்பது பெரும்பாலும் கால்நடையாகவும் மாட்டுவண்டியாகவுமே இருந்தது. அவ்வாறு நடந்த மக்கள் தாம் கடந்த தூரத்தை எவ்வாறு கணித்தனர் என்பது வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி. ஆனால் அதே சாலைகளில் இன்று நடைப்பயிற்சி செல்வோர் மணிக்கட்டில் அணிந்திருக்கும் ஸ்மார்ட் வாட்ச், அதாவது நேரத்தோடு காலடி எண்ணிக்கை, தூரம், இதயத் துடிப்பு ஆகியவற்றையும் கணித்துக் காட்டும் மின்னணுக் கைக்கடிகாரம், நடந்த தூரத்தைக் குறைத்தோ கூட்டியோ காட்டும்போது அதன் காரணத்தை அறிய இந்தப் பழைய செய்தி மிகவும் உதவுகிறது. நடையை நேராக அளந்த கருவி எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை. நடையோடு சேர்ந்து நிகழும் வேறொன்றை அளந்து, அதிலிருந்து தூரத்தை ஊகிப்பதே எல்லாக் காலத்திலும் நடந்து வந்துள்ளது. அளக்கப்படும் அந்த வேறொன்று நடையிலிருந்து விலகும் இடமே பிழை பிறக்கும் இடம்.

தமிழ்நாட்டுப் பழைய வழக்கில் நீட்டலளவைக்கு இரண்டு முறைகள் அருகருகே வழங்கின. முதலாவது உடலுறுப்பிலிருந்து தொடங்கும் வாய்பாட்டு முறை. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் முதலிய கணித நூல்களின் மரபில் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு தூரம், 4 கூப்பிடு தூரம் ஒரு காதம் என இந்த வாய்பாடு ஏறிச் செல்லும். ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் எல்லையே கூப்பிடு தூரம் எனப்பட்டது. இரண்டாவது முறை காலத்திலிருந்து தூரத்தைப் பெறுவது. 24 நிமிடங்கள் கொண்ட ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவர் நடக்கும் தூரம் நாழிகை வழி என்றும், ஏழரை நாழிகை வழி ஒரு காதம் என்றும் இம்முறையில் கொள்ளப்பட்டது. ஏழரை நாழிகை என்பது 3 மணி நேரம். இயல்பாக நடப்பவர் அதற்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கடப்பார். ஆங்கிலேயர் காலத்து அளவைப் பட்டியல்கள் காதத்தைப் பத்து மைலை ஒட்டி மதிப்பிட்டதற்கு இந்த நடைக்கணக்கே பொருந்தி வருகிறது. ஆனால் முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டு மேற்சொன்ன வாய்பாட்டைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு காதம் 12,000 அடி, அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்தான் வருகிறது.

ஒரே பெயர் தாங்கிய அளவு, கணக்கிடும் முறையைப் பொறுத்து நான்கு மடங்கு வேறுபடுவதை ஆய்வாளர் பலர் வட்டார வழக்கின் குழப்பம் என்று தள்ளிவிடுவது வழக்கம். வட்டாரத்துக்கு வட்டாரம் முழக்கோல் மாறியது உண்மையே எனினும், முழத்தின் வேறுபாட்டைக் கொண்டு நான்கு மடங்கை விளக்க முடியாது. கோலால் அளந்தவர் நிலத்தை அளந்தார், நாழிகையால் அளந்தவர் நடப்பவரின் உழைப்பை அளந்தார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வெயில் ஏறுவதற்கு முன் அடுத்த சாவடியை அடைய முடியுமா என்பதே வழிநடைக்காரருக்கு வேண்டிய செய்தி. அதற்குக் கோற்கணக்கைவிட நாழிகைக்கணக்கே பயன்பட்டது. இன்றைய கடிகாரமும் ஒரே திரையில் தூரம், நேரம், செலவான ஆற்றல் ஆகிய மூன்றையும் காட்டுகிறது. ஒன்று தவறினால் மற்றவையும் தவறியிருக்கும் என்று பயனர் எண்ணிக்கொள்கிறார். அம்மூன்றும் வெவ்வேறு வழிகளில் பெறப்படுபவை என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

பெருவழிகளில் தூரத்தைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல், நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தாலும் எண்ணாலும் குறிப்பதோடு நில்லாமல், பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் கொண்டுள்ளது. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கரும் இருட்டில் வருபவரும் விரலால் தடவித் தூரத்தை அறிந்துகொள்ளலாம். பயன்படுத்துவோரின் நிலையை இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்த கருவிகள் பிற்காலத்திலும் அரிது.

திருச்சுழி, நரிக்குடிப் பகுதியில் வழிநடைக்குத் துணையாக நின்றவை சத்திரங்கள். இராமேசுவரத்துக்கு நடந்து சென்ற வடநாட்டு, தென்னாட்டு யாத்திரிகருக்காகச் சேதுபதிகளும் சிவகங்கை ஆட்சியாளரும் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தனர். நரிக்குடியில் உள்ள சத்திரம் மருது சகோதரர்கள் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்கு அருகிலேயே உள்ளது. ஒரு சத்திரத்திலிருந்து அடுத்த சத்திரம் வரையுள்ள தூரமே யாத்திரிகருக்கு நடைமுறை அலகாக இருந்தது. காதம் எத்தனை கோல் என்ற கேள்வி அவர்களுக்கு எழ வேண்டிய தேவையே இல்லை.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பயணம், இரயில் வந்த பின்னும் நடைக்கணக்கு எவ்வாறு தொடர்ந்தது என்பதற்கு நல்ல சான்று. விழுப்புரத்தில் கையிருப்பு சில அணாக்களாகச் சுருங்கிவிட, அதற்குக் கிடைத்த பயணச்சீட்டு மாம்பழப்பட்டு வரையில்தான் செல்லும். அங்கிறங்கிய அந்த இளைஞர் அறையணிநல்லூர் வரை ஏறக்குறைய பத்து மைல் நடந்ததாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். நாழிகைக் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு காதம். அணா தீர்ந்த இடத்தில் இரயில்வேயின் மைல் கணக்கு முடிந்து காதக் கணக்கு தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

நடையையும் தூரத்தையும் பிரித்து, தூரத்தைத் தனியே துல்லியமாக அளக்கும் முயற்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியோடு வந்தது. மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பிற்காலக் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு வித்தாயிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அடிக்கோடு என்பது, முக்கோணங்களின் வாயிலாகத் தொலைவுகளைக் கணிப்பதற்கு ஆதாரமாக முதலில் தரையில் நேரடியாக அளக்கப்படும் கோடு. வெயிலில் 100 அடி எஃகுச் சங்கிலி நீள்வதைக் கணக்கில் கொள்ள அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, வெப்பமானிகளைப் பக்கத்தில் வைத்து அளந்தனர். அந்த ஒரு கோட்டுக்கே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பிடித்தன. அங்கிருந்து தொடங்கிய முக்கோணங்கள் தெற்கே வளர்ந்தபோது, குன்றுகள் இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே பார்வை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றப்படுகையில் கயிறு தவறி அரை டன் எடையுள்ள கோணமானி சேதமடைந்தது பலரும் அறிந்த நிகழ்ச்சி.

முக்கோணங்களுக்கு இடைப்பட்ட ஊர்களையும் சாலைகளையும் நிரப்ப இத்தகைய பொறுமை கட்டுபடியாகாது. அதற்குப் பெரம்புலேட்டர் எனப்பட்ட அளவைச் சக்கரம் பயன்பட்டது. நீண்ட பிடியில் பொருத்திய ஒற்றைச் சக்கரத்தை ஒருவர் உருட்டிக்கொண்டு நடப்பார், சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை அதனோடு இணைந்த முகப்பு காட்டும், சுற்றளவால் பெருக்கினால் தூரம் வரும். கருவி எளிது, கணக்கும் எளிது. ஆயினும் சக்கரம் மேடுபள்ளங்களின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே எண்ணுவதால் பறவை பறக்கும் தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். உருட்டுபவர் வளைந்து நடந்தால் வளைவும் கணக்கில் ஏறும். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் மழைக்குப்பின் எதையும் உருட்டிப் பார்த்தவருக்கு மற்றொரு சிக்கலும் விளங்கும். ஈரக் கரிசல் சக்கர விளிம்பில் அப்பிச் சுற்றளவைக் கூட்டிவிட, அதே தூரத்துக்குச் சுழற்சி குறைந்து, முகப்பு குறைவான தூரத்தைக் காட்டும். கோடையில் அதே மண் கையளவு வெடிப்புகளாகப் பிளந்திருக்க, சக்கரம் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி ஏறிக் கூடுதலாகக் காட்டும். ஒரே சக்கரம் ஒரே சாலையில் கார்த்திகையில் ஒரு தூரமும் சித்திரையில் வேறொரு தூரமும் சொன்னால், பழுது சக்கரத்தின் பொறியில் இல்லை.

சக்கரம் உருட்ட முடியாத இடத்தில் அளவையாளர் காலடியையே கருவியாக்கினர். இதில் மிக உயர்ந்த சாதனை தமிழகத்துக்கு வெகு தொலைவில், இமயத்துக்கு அப்பால் நிகழ்ந்தது. எனினும் கைக்கடிகாரத்தின் மூதாதையைத் தேடுபவர் அதை ஒதுக்கிச் செல்ல முடியாது. குமாவுன் மலைநாட்டு மிலம் ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நயின் சிங் ராவத், அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் மாண்ட்கோமரியின் ஏற்பாட்டில் தேராதூனில் பயிற்சி பெற்று, 1865இல் நேபாளம் வழியாகப் புறப்பட்டு 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அயலாருக்குத் திபெத்து மூடப்பட்டிருந்த காலம் அது. அவருக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம், மேடானாலும் பள்ளமானாலும் ஒரே நீளத் தப்படி வைத்து நடப்பது. ஏறத்தாழ 2,000 தப்படி ஒரு மைலாகும்படி அவருடைய நடை பழக்கப்பட்டது. வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் மட்டுமே கோத்த செபமாலையை ஏந்தி, 100 தப்படிக்கு ஒரு மணி என்று அவர் தள்ளிக்கொண்டே சென்றார். மாலை ஒருமுறை சுற்றி முடிந்தால் 10,000 தப்படி, அதாவது ஐந்து மைல். எண்ணிக்கையையும் திசைகளையும் எழுதிய தாள்கள் அவர் கையிலிருந்த செபச் சக்கரத்துக்குள் மறைந்திருந்தன.

இந்த முறையின் உண்மையான வலிமை மாலையில் இருந்தது என்று கருதுவது பொதுவான பிழை. நயின் சிங் பெட்டியின் இரட்டை அடித்தளத்தில் ஒளித்துக் கொண்டு சென்ற செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் விண்மீன்களின் உயரத்தை அளந்து பல இடங்களின் அட்சரேகையைக் குறித்து வந்தார். தப்படிக் கணக்கால் கிடைத்த தூரத்தை இந்த அட்சரேகை வேறுபாட்டோடு ஒப்பிட்டு, அவருடைய தப்படி உண்மையில் எவ்வளவு நீளம் என்பதை அளவைத் துறையினர் சரிபார்த்தனர். ஒரு கருவி தன்னைத்தானே சரிபார்க்க முடியாது, அதனோடு தொடர்பற்ற இரண்டாவது அளவை ஒன்று வேண்டும் என்ற விதி இங்கே தெளிவாகச் செயற்படுகிறது. அவருடைய உறவினர் கிஷன் சிங் 1878 முதல் 1882 வரை மேற்கொண்ட பயணத்தில் கொள்ளையருக்கு அஞ்சிக் குதிரை மீது செல்ல நேர்ந்தபோது, தன் காலடிக்குப் பதிலாகக் குதிரையின் முன்னங்கால் வைப்பை எண்ணி, குதிரையின் எட்டு நீளத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தார். அளக்கப்படும் பொருள் மாறியதும் பெருக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. சைக்கிளில் போய்க்கொண்டே நடைக் கணக்கைப் பார்த்து வியப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

மனிதர் எண்ணுவதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி ஐரோப்பாவில் கடிகாரத் தொழிலோடு இணைந்து வளர்ந்தது. சுவிட்சர்லாந்துக் கடிகாரக் கைவினைஞர் ஆபிரகாம் லூயி பெரலே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அணிந்தவரின் அசைவால் தானே சாவி ஏறும் கடிகாரத்தையும், அதே தத்துவத்தில் காலடியை எண்ணும் நடைமானியையும் செய்தார். நடக்கும்போது உடல் மேலும் கீழும் அசைவதால் உள்ளே தொங்கும் சிறு எடை ஒன்று ஆடும், ஆட்டத்துக்கு ஒரு பல் வீதம் சக்கரம் நகரும். ஜப்பானில் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டான 1965இல் யமசா நிறுவனம் இடுப்பில் செருகும் நடைமானியைப் பத்தாயிரம் காலடிமானி என்னும் பொருள்படும் மான்போகெய் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. இன்று உலகெங்கும் மருத்துவ விதி போல ஓதப்படும் நாளொன்றுக்குப் 10,000 காலடி என்னும் இலக்கு அந்த விற்பனைப் பெயரிலிருந்து பரவியதே. சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்து ஐ-மின் லீயும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாளுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்ததையும், 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியாததையும் காட்டியது. கடிகாரம் 9,400இல் நின்றுவிட்டதென்று இரவு உணவுக்குப்பின் முற்றத்தில் சுற்றி வருவோர் இதை அறிந்தால் நிம்மதியாக உறங்கலாம்.

மான்போகெய் இடுப்பில் இருந்தது என்பது சிறு செய்தியாகத் தோன்றினாலும், கடிகாரத்தின் இன்றைய பிழைகளுக்கு அதுவே திறவுகோல். இடுப்பு, நடக்கும் உடலின் நடுவில் உள்ளது; ஒவ்வொரு காலடிக்கும் அது தவறாமல் ஒருமுறை எழுந்து தாழும். மணிக்கட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்களில் காற்றுப்பை விரிவதற்காக 1990களில் பெருவாரியாகத் தயாரிக்கப்பட்ட சிலிக்கான் முடுக்கமானி, அதாவது வேகம் மாறும் விதத்தை உணரும் கடுகளவு கருவி, பின்னர் கைபேசிக்கும் 2009இல் வந்த ஃபிட்பிட் போன்ற எண்ணிகளுக்கும் 2015இல் வந்த ஆப்பிள் வாட்சுக்கும் இடம்பெயர்ந்தது. முடுக்கமானி மூன்று திசைகளிலும் மணிக்கட்டின் அசைவை ஒரு நொடிக்குப் பலமுறை பதிவு செய்கிறது. அந்தப் பதிவில் நொடிக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சீராக எழும் முகடுகளைக் காலடி என்று கடிகாரத்தின் மென்பொருள் முடிவு செய்கிறது. தற்செயலான அசைவுகளை நீக்குவதற்காக, தொடர்ச்சியாகச் சில முகடுகள் வந்த பிறகே எண்ணத் தொடங்கும்படி பெரும்பாலான கடிகாரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே கடிகாரம் அறிவது கை வீச்சை மட்டுமே. காலைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது.

கை வீசி நடப்பது நகரத்து நடைப்பயிற்சியின் இலக்கணம். திருச்சுழிச் சீமையில் நடை பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தது. ஆட்டுக்கிடை அமர்த்தி ஊர் ஊராகச் செல்லும் கீதாரி, துரட்டிக் கம்பைத் தோளின் குறுக்கே கிடத்தி, இரு கைகளையும் அதன்மேல் மடித்துத் தொங்கவிட்டபடி காலை முதல் மாலை வரை மந்தையின் பின்னால் நடப்பார். மணிக்கட்டு தோளோடு பூட்டப்பட்டிருப்பதால் கடிகாரத்துக்கு அவர் நிற்பவராகவே தோன்றுவார். ஆடு மேய்ந்துகொண்டே நகர்வதால் அவருடைய நடையும் நாலடி நடந்து நின்று மீண்டும் நாலடி நடப்பதாக இருக்கும், தொடர்ச்சியான முகடுகளை எதிர்பார்க்கும் மென்பொருளுக்கு அது நடையாகவே படாது. இடுப்பில் குடத்தை அணைத்து வரும் பெண்ணின் கை, தலைச்சுமையைப் பிடித்த கை, தள்ளுவண்டியின் பிடியை அழுத்திய கை, குடையையும் பையையும் ஏந்திய கை எல்லாம் இவ்வகையே. இதற்கு நேர்மாறாக, அருப்புக்கோட்டைக் குழித்தறியில் அமர்ந்த நெசவாளரின் இடக்கை, நாடா ஒவ்வொரு முறை ஓடியதும் பலகையை இழுத்து அடிக்கும் தாளம் நடையின் தாளத்துக்கு நெருங்கி வருவதால், அமர்ந்த இடத்திலேயே அவர் பல நூறு காலடி நடந்ததாகக் கணக்கில் ஏற வாய்ப்புண்டு. குலுங்கும் சாலையில் பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கும் இவ்வாறே சிறிது இலவச நடை கிடைக்கும்.

காலடி எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தூரம் தவறலாம். அணிந்தவர் பதிவு செய்யும் உயரத்திலிருந்து கடிகாரம் காலடி நீளத்தை ஊகிக்கிறது. உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் என்பது பரவலாகக் கொள்ளப்படும் விகிதம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் வரும். அவர் முதுமையாலோ மூட்டுவலியாலோ கரிசல் சகதியாலோ 60 சென்டிமீட்டர் வீதமே காலெடுத்து வைத்தால், 10,000 காலடிக்கு 6 கிலோமீட்டர் நடந்திருக்க, கடிகாரம் 6.8 என்று காட்டும். வாங்கியபோது உயரத்தைப் பதியாமல் விட்ட கடிகாரம் ஆலையில் வைத்த ஏதோ ஒரு சராசரி மனிதரின் உயரத்தைக் கொண்டு கணக்கிடும். தப்படி நீளத்தை விண்மீன்களைக் கொண்டு சரிபார்த்த காலத்துக்குப் பிறகு, அதைச் சரிபார்க்காமலே நம்பும் பழக்கம் எப்படி வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். முறை இந்த ஊகத்துக்கு மாற்றாக வந்தது. 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் சமிக்ஞைகளைக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து பெற்று, அவை வந்து சேரும் கால வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்ட பின்னரே, தனிமனிதர் நடையை அளக்கும் அளவுக்கு இது நுட்பமாயிற்று. இப்போது திறந்த வெளியில் சில மீட்டர் பிழைக்குள் இடம் தெரிந்துவிடுகிறது. சென்னையின் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் எதிரொலித்து வழிதவறும் கடிகாரம், மலையோ மாடியோ மறைக்காத திருச்சுழி வானத்தின் கீழ் நன்றாகவே செயற்படும். இந்த ஒரு வகையில் வறண்ட சமவெளி கொடுத்து வைத்த நிலம்.

இதிலும் அளக்கப்படுவது நடையன்று, புள்ளிகள். குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துத் தூரம் கூட்டப்படுகிறது. மின்கலச் சேமிப்பு முறையில் இந்த இடைவெளி நீளும். வில்லாக வளைந்த கண்மாய்க் கரையில் நடப்பவரின் பாதையில் புள்ளிகள் அரிதாக விழுந்தால், இணைக்கும் கோடு வளைவை வெட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கிச் செல்வதைக் கைபேசி வரைபடத்தில் காணலாம். தூரமும் அந்த அளவுக்குக் குறையும். ஓரிடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பவருக்கோ புள்ளிகள் சில மீட்டர் இப்படியும் அப்படியும் அலைந்து, நடக்காத தூரம் சேரும். பெரம்புலேட்டர் வளைவைக் கூட்டிக் காட்டியது. செயற்கைக்கோள் வளைவைக் குறைத்துக் காட்டுகிறது.

பழுது பார்க்கும் முறையும் இந்த வரலாற்றிலிருந்தே தானாகக் கிடைக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, தவறுவது காலடி எண்ணிக்கையா, தூரமா, பயிற்சிப் பதிவா என்பது. பதிவே விழவில்லை என்றால், நடையைத் தானாகக் கண்டறியும் வசதி பல கடிகாரங்களில் ஏறக்குறைய பத்து நிமிடத் தொடர் நடைக்குப் பிறகே விழித்துக்கொள்வது காரணமாகலாம். புறப்படும்போதே வெளிப்புற நடை என்னும் பயிற்சியைக் கையால் தேர்ந்து தொடங்கினால் அச்சிக்கல் தீரும். உட்புற நடை என்பதைத் தவறித் தொட்டால் செயற்கைக்கோள் உணரி வேலை செய்யாது. குறைந்த விலைக் கடிகாரங்கள் பலவற்றில் அந்த உணரியே கிடையாது. அவை கைபேசியின் உணரியைக் கடன் வாங்குகின்றன. கைபேசியை வீட்டில் விட்டு நடந்தாலோ, இருப்பிட அனுமதியை மறுத்திருந்தாலோ, பின்னணியில் ஓடும் செயலிகளை மின்கலச் சேமிப்பு நிறுத்திவிட்டாலோ, கடிகாரம் மீண்டும் கைவீச்சு ஊகத்துக்கே திரும்பிவிடும். வார் தளர்ந்திருந்தால், பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் படிக்கும் துடிப்பு உணரி தடுமாறும். சில கடிகாரங்கள் தாம் கழற்றப்பட்டுவிட்டதாகவே கருதிப் பயிற்சியை நிறுத்திவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கிடை மேலே, ஆடாத அளவுக்கு இறுக்கிக் கட்டுவதும், எந்தக் கையில் அணியப்பட்டுள்ளது என்பதை அமைப்பில் சரியாகக் குறிப்பதும், உயரத்தையும் எடையையும் பதிவதும், மென்பொருளைப் புதுப்பித்துக் கடிகாரத்தை ஒருமுறை அணைத்து இயக்குவதும் அடுத்துச் செய்ய வேண்டியவை. வெளியில் வந்து செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்ததைத் திரை காட்டும் வரை ஓரிரு நிமிடம் நின்று புறப்பட்டால் முதல் நூறு மீட்டர் தொலையாது.

இவற்றுக்குப் பின்னும் தூரம் ஒவ்வாவிட்டால் தரையோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. சாலையோரக் கிலோமீட்டர் கற்களும் அவற்றுக்கிடையே 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்ட சிறு கற்களும் இதற்கு ஏற்றவை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையின் கற்கள் ஒழுங்காக இருந்தாலும் அங்கே நடப்பது அறிவுடைமையாகாது, போக்குவரத்துக் குறைந்த கிளைச் சாலையோ 400 மீட்டர் ஓடுதளம் குறித்த பள்ளி மைதானமோ போதும். ஒரு கிலோமீட்டரை இயல்பான வேகத்தில், கையை வீசி நடந்து, காலடிகளை வாய்க்குள் எண்ணி, முழுத் தூரத்தையும், அதாவது 1,00,000 சென்டிமீட்டரை, அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,560 காலடி வந்தால் காலடி நீளம் 64 சென்டிமீட்டர். அதைப் பதிய இடம் தரும் கடிகாரங்களில் பதியலாம். இடம் தராத சில கடிகாரங்கள், திறந்த சமவெளியில் செயற்கைக்கோள் உணரியோடு இருபது நிமிடம் நடந்தால் அணிந்தவரின் காலடி நீளத்தைத் தாமே கற்றுக்கொள்கின்றன. எண்ணிக்கையே குறைகிறதென்றால், அதாவது கை கட்டுண்ட நடை என்றால், எந்தப் பதிவும் உதவாது. குடம் சுமப்பவருக்கும் கம்பின் மேல் கை மடித்தவருக்கும் இடுப்பு மடியில் செருகிய கைபேசியின் எண்ணியே மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட உண்மைக்கு அருகில் வரும்.